மலை மேல் ஒரு பள்ளிக்கூடம்



மாதந்தோறும் இப்பகுதியில் ஒரு கல்விக்கூடத்தையோ ஒரு படிப்பையோ உங்களுக்கு அறிமுகம் செய்து வருகிறேன். இம்மாதம் எதைப் பற்றி எழுதுவது என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் அந்த வேலையைச் செய்துவிட்டது.

அச்சகோதரியின் கணவர் தம்மாமில் பணிபுரிகிறார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகனை வரும் கல்வியாண்டில் ஏர்க்காட்டில் உள்ள விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்துவிட வேண்டும் என்று அவர் உறுதியாக இருக்கிறாராம். "பெரிய பெரிய மனிதர்கள் படித்த இடம், பணத்தைப் பற்றி நீ கவலைப்படாதே" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாராம். தாய் மனம் கேட்கவில்லை. "பிள்ளை ஏங்கிப் போவானோ? ஓதல் மறந்து போகுமோ? அங்கே என்னதான் அப்படிச் சொல்லித் தருகிறார்கள்? விவரமாக எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "மூத்தவள் பெண், அவள் இங்கேயே படித்துக்கொண்டிருக்கிறாள்."

சகோதரி கேட்ட கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்கிறேன். கேட்காமல் விட்ட அந்தக் கடைசி வரிக்குப் பிறகு வருகிறேன்.

காப்பித் தோட்டமும் கல்விக்கூடமும்

சேலம் நகரிலிருந்து சேர்வராயன் மலைமேல் ஏறினால் முப்பது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டி ஏர்க்காடு வந்துவிடும். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஏரியும் காடும் சேர்ந்த இடம் என்பதால் ஏர்க்காடு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். உதகமண்டலத்தைப் போல் குளிரில் விறைக்க வேண்டியதில்லை. கோடையில் சேலத்து வெயிலில் வாடியவர்களுக்கு நிழல் தரும் அளவுக்குக் குளிர்ச்சி. அவ்வளவுதான்.

இம்மலையின் ஆதிக்குடிகள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்னும் ஆங்கில அதிகாரி இங்கே காப்பிப் பயிரைக் கொண்டு வந்தார். அதைத் தொடர்ந்து ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் வந்தார்கள், பங்களாக்கள் எழுந்தன, தேவாலயங்கள் எழுந்தன. சமவெளியின் வெப்பத்தைத் தாங்க மாட்டாத ஐரோப்பியக் குடும்பங்கள் தம் பிள்ளைகளைப் படிக்க வைக்க இதுபோன்ற மலைகளையே தேடின. உதகை, கொடைக்கானல், ஏர்க்காடு ஆகிய மூன்று மலைகளிலும் விடுதிப் பள்ளிகள் பிறந்த கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஏர்க்காட்டில் இன்று பெயர் பெற்று விளங்கும் பழைய பள்ளிகள் இரண்டு. ஒன்று, பெண்களுக்கான திரு இருதயப் பள்ளி. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1894-ஆம் ஆண்டு இதைத் தொடங்கினர். பிரான்சு நாட்டில் 1807-ல் தோன்றிய அச்சபை 1827-லேயே புதுச்சேரிக்கு வந்து பெண் கல்விப் பணியில் இறங்கியது. மற்றொன்று, மான்போர்ட் பள்ளி. புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917-ல் இதை நிறுவினர். இச்சபையும் பிரான்சிலிருந்து வந்ததுதான். 1903-ல் இந்தியாவில் காலூன்றியது. பள்ளி தாங்கி நிற்கும் பெயர், 1673 முதல் 1716 வரை வாழ்ந்த லூயி தெ மான்போர்ட் என்னும் பிரெஞ்சுத் துறவியுடையது.

நம் நேயர் கணவரின் மனத்தில் இருப்பது இந்த மான்போர்ட் போன்ற பள்ளிதான் என்பது கடிதத்தைப் படிக்கும்போதே புரிகிறது. "பெரிய மனிதர்கள் படித்த இடம்" என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. 1983-ல் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அப்போட்டியில் மிக அதிகமாக 18 விக்கெட்டுகளை வீழ்த்திய ரோஜர் பின்னி, நாடாளுமன்ற உறுப்பினரும் எழுத்தாளருமான சசி தரூர், 2004 முதல் 2009 வரை மத்திய நலவாழ்வு அமைச்சராக இருந்த அன்புமணி இராமதாஸ், திரைப்பட நடிகர் விக்ரம் ஆகியோர் அங்கே படித்தவர்கள். ஐரோப்பியப் பிள்ளைகளை மனத்தில் கொண்டு தொடங்கப்பட்ட ஒரு பள்ளி, நாடு விடுதலை பெற்ற பிறகு எல்லாச் சமயத்தாருக்கும் எல்லா ஊராருக்கும் கதவைத் திறந்து வளர்ந்திருக்கிறது என்பதற்கு இப்பெயர்களே சான்று.

ஆனால், வாசகர்களே, ஒன்றை மறந்துவிடக் கூடாது. பெரிய மனிதர்கள் படித்தார்கள் என்பதனால் படிக்கிறவர்கள் எல்லாரும் பெரிய மனிதர்களாகிவிடுவதில்லை. ஒரு நூற்றாண்டைக் கடந்த எந்தப் பள்ளியிலும் பத்துப் புகழ்பெற்ற பெயர்கள் கிடைக்கும். பெயர் வெளியே தெரியாமல் போன ஆயிரக்கணக்கானோர் நல்ல மருத்துவராக, நல்ல வணிகராக, நல்ல தந்தையாக ஆனார்களா என்பதுதான் பள்ளியின் உண்மையான அளவுகோல்.

தனியார் பள்ளி என்றால் என்ன?

நம் இல்லங்களில் பலரும் "கான்வென்ட்" என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறித்துவிடுகிறோம். உண்மையில் மூன்று வகைகள் உள்ளன. அரசே நடத்தும் பள்ளி முதல் வகை. தனியார் நிருவகித்து, ஆசிரியர் ஊதியத்தை அரசு கொடுக்கும் உதவி பெறும் பள்ளி இரண்டாம் வகை. நிருவாகமும் செலவும் இரண்டுமே தனியாருடையதாக இருக்கும் சுயநிதிப் பள்ளி மூன்றாம் வகை. ஒரு வளாகத்திற்குள்ளேயே உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் அருகருகே இயங்குவதும் உண்டு. பிள்ளையைச் சேர்க்குமுன் அவன் எந்தப் பிரிவில் சேர்கிறான் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு அதில் இருக்கிறது.

பாடத்திட்டத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. முன்பு தமிழகத்தில் மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், கீழ்த்திசைக் கல்வி என நான்கு வாரியங்கள் இருந்தன. 2010-ல் தொடங்கிய சமச்சீர்க் கல்வி, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2011-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு இந்நான்கு வகைப் பள்ளிகளும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பாடத்தையே கற்பிக்க வேண்டியதாயிற்று. வேறு பாடத்திட்டம் வேண்டும் என்று விரும்பிய பள்ளிகள் மத்திய வாரியத்தையோ, ஐ.சி.எஸ்.இ. வாரியத்தையோ நாடிச் சென்றன. ஆகவே "ஆங்கிலோ இந்தியன் பள்ளி" என்ற பழைய பலகையை மட்டும் நம்பிப் போகாமல், இந்த ஆண்டு எந்த வாரியம், எந்தப் பாடம், இரண்டாம் மொழியாகத் தமிழ் உண்டா என்பதை நேரிலேயே கேளுங்கள்.

இத்தகைய பள்ளிகளின் பெருஞ்சிறப்பு, கீழ் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே கூரையின் கீழ் முடித்துவிடலாம் என்பதே. நடுவில் பள்ளி மாற்றி, புதிய ஆசிரியர், புதிய தோழர் என்று தடுமாற வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பில் அச்சத்தோடு நுழைந்த சிறுவனைப் பன்னிரண்டாம் வகுப்பில் வழியனுப்பும்போது அவனை ஏழு ஆண்டுகள் அறிந்த ஆசிரியர் ஒருவராவது அங்கே இருப்பார். இது எளிதில் கிடைக்காத பேறு.

விடுதி வாழ்க்கை தருவதும் எடுப்பதும்

விடுதியில் ஒரு நாளைக்குக் கடிகாரமே அரசன். விடியலில் மணி அடிக்கும். எழுந்து, குளித்து, படுக்கையைத் தானே மடித்து வைக்க வேண்டும். வகுப்பு, விளையாட்டு, மாலைப் படிப்பு, இரவு உணவு, விளக்கணைப்பு எல்லாமே மணிக்குக் கட்டுப்பட்டவை. வீட்டில் உம்மாவின் கையால் சோறு ஊட்டினால்தான் உண்பேன் என்ற பிள்ளை, மூன்று மாதத்தில் தன் சட்டைப் பொத்தானைத் தானே தைக்கக் கற்றுக்கொள்வான். மைதானம் இல்லாத நெருக்கமான தெருக்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, ஓடியாட ஒரு மலையே கிடைப்பது சிறிய காரியமா? பல மாநிலத்துப் பிள்ளைகளோடு ஓர் அறையில் உறங்கி எழுபவனுக்கு உலகம் தன் தெருவோடு முடிந்துவிடவில்லை என்பது புத்தகம் இல்லாமலே விளங்கிவிடும்.

எடுப்பது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது இரண்டாண்டுகள் ஒரு விடுதியில் இருந்தவன். ஞாயிறு காலையில் எல்லாரும் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுதிய கடிதத்தை ஒட்டாமல் காப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அவர் படித்த பிறகே அது தபாலில் சேரும். ஒருமுறை கடுமையான காய்ச்சலில் கிடந்தேன். "நான் நலம், தாங்கள் நலமா?" என்றே எழுதினேன்; வேறு எழுத அஞ்சினேன். மூன்றாம் நாள் என் உம்மா விடுதி வாசலில் வந்து நின்றார்கள். எனக்குக் காய்ச்சல் என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. "நேராக எழுதுகிற பிள்ளை, எழுத்தெல்லாம் கீழே சாய்ந்து கிடந்ததே" என்றார்கள். எழுத்துத் தெரியாத என் உம்மா, எழுத்தின் சாய்வைப் படித்தார்கள்.

அன்று முதல் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. பிள்ளையைத் தொலைவில் படிக்க வைக்கலாம். ஆனால் அவனுடைய சாய்வு நமக்குத் தெரியாமல் போகும் அளவுக்குத் தொலைவில் வைக்கக் கூடாது. இன்று தொலைபேசி இருக்கிறது. வாரத்தில் எத்தனை முறை பேச விடுவார்கள், பேசும்போது அருகில் எவராவது நிற்பார்களா, உடல்நலம் குன்றினால் எத்தனை மணி நேரத்தில் பெற்றோருக்குச் செய்தி வரும் என்பவற்றைக் கட்டணத்தைக் கேட்குமுன் கேளுங்கள். தந்தை கடல் கடந்து இருக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம். வாப்பாவை ஆண்டுக்கு ஒருமுறை காணும் பிள்ளை, உம்மாவையும் ஆண்டுக்கு மூன்று முறை மட்டுமே காணப் போகிறான் என்பதைக் கணவன் மனைவி இருவரும் அமர்ந்து சிந்திக்க வேண்டும். இருப்பதில் ஒன்றைக் குறைக்கும்போது, ஏற்கெனவே குறைந்திருப்பது எது என்று பார்ப்பதே அறிவுடைமை.

ஓதலும் உணவும்

"ஓதல் மறந்து போகுமோ?" என்ற அச்சம் நியாயமானதே. கிறித்தவத் துறவியர் நடத்தும் பள்ளியில் காலை வழிபாடு இருக்கும். அது அவர்களுடைய உரிமை. சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தருகிறது. நம் சமுதாயக் கல்லூரிகள் நடப்பதும் அதே பிரிவின் நிழலில்தான். அதே அரசியல் சட்டம் 28-ஆம் பிரிவில் இன்னொன்றையும் சொல்கிறது: அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற எந்தக் கல்வி நிறுவனத்திலும் படிக்கும் எவரையும், அவருடைய சம்மதம் இன்றி, சிறுவராயின் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் இன்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கு கொள்ளச் செய்யக் கூடாது. ஆகவே இதைத் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை. சண்டையாகவும் கேட்க வேண்டியதில்லை. சேர்க்கும் நாளிலேயே முதல்வரிடம் மரியாதையாகச் சொல்லி, சம்மதம் உண்டு அல்லது இல்லை என்பதை எழுத்தில் கொடுத்துவிட்டால் பின்னால் மனவருத்தம் வராது.

உணவு ஹலாலானதா, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மூத்த மாணவர்களைப் பள்ளிவாசலுக்கு அனுப்புவார்களா, நோன்பு மாதத்தில் ஸஹர் உணவுக்கு ஏற்பாடு உண்டா என்பவற்றையும் வெளிப்படையாகக் கேளுங்கள். இறைச்சி பற்றி ஐயம் இருந்தால் மரக்கறி உணவு எழுதிக் கொடுக்கலாம். ஓதலைப் பொறுத்தவரை, மதரஸாவில் குர்ஆனைப் பார்த்து ஓதத் தேறிய பிறகு பிள்ளையை விடுதிக்கு அனுப்புவதே நல்லது. தேறியவனுக்கு விடுமுறை நாட்கள் போதும், மறக்காது. தேறாமல் போனவனுக்கு விடுமுறை போதாது.

பின்லாந்து என்னும் கண்ணாடி

நம்முடைய முகத்தை நாமே பார்க்க ஒரு கண்ணாடி வேண்டும். கல்வி விஷயத்தில் உலகம் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் கண்ணாடி பின்லாந்து. வட துருவத்தை ஒட்டிய குளிர் நாடு. 1968-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது: ஏழு வயது முதல் பதினாறு வயது வரை ஒன்பது வகுப்புகளும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வகையான பொதுப் பள்ளியில், கட்டணமின்றி. 1972-ல் வட கோடியில் தொடங்கி, 1977-ல் தலைநகரமான ஹெல்சிங்கி பகுதி வரை அத்திட்டத்தைப் படிப்படியாக நிறைவேற்றினார்கள். வசதி படைத்த தலைநகரில் தொடங்காமல் பின்தங்கிய வடக்கில் தொடங்கினார்கள் என்பதை இரண்டு முறை படியுங்கள். ஒன்பது வகுப்புக்கு மேல் மூன்றாண்டு மேல்நிலைப் படிப்பு. அதன் முடிவில் நாடு தழுவிய ஒரு தேர்வு. 2021 முதல் பதினெட்டு வயது வரை கல்வி கட்டாயம்.

அங்கே தனியார் பள்ளியே இல்லையா என்றால், உண்டு. ஹெல்சிங்கியில் 1886-ல் தொடங்கிய ஒரு பள்ளி இன்றும் பெயர் பெற்று விளங்குகிறது. பொதுப் பள்ளி வகுப்புகளும் மேல்நிலை வகுப்புகளும் அங்கே ஒரே நிருவாகத்தின் கீழ் நடக்கின்றன. கல்வியில் சுவீடன் மொழி மேலோங்கியிருந்த அக்காலத்தில், பின்னிய மொழியில், ஆணையும் பெண்ணையும் ஒருங்கே அமர்த்திக் கற்பிக்கத் துணிந்த பள்ளி அது. நம் மான்போர்ட் பள்ளியைப் போலவே நிருவாகம் தனியார் கையில்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: அங்கே தனியார் பள்ளி நடத்த அரசின் அனுமதி வேண்டும், இலாபம் பார்க்கக் கூடாது, செலவுக்கு அரசு பணம் தரும், அயல்மொழியில் கற்பிக்கும் சில பள்ளிகள் நீங்கலாக, அடிப்படைக் கல்விக்குப் பெற்றோரிடம் கட்டணம் வாங்க முடியாது. பகல் உணவும் இலவசம். தனியார் என்பது அங்கே நிருவாகத்தின் பெயர். விலையின் பெயர் அன்று.

இன்னொரு செய்தி நம் இல்லங்களுக்கு வியப்பாக இருக்கும். அந்நாட்டில் முஸ்லிம்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வாழ்கிறார்கள். உருசிய நாட்டிலிருந்து வணிகர்களாக வந்த தாத்தாரியர் அவர்கள். 1925-ல் அவர்களுடைய ஜமாஅத் அந்நாட்டில் முறையாகப் பதிவு பெற்றது. இன்று அங்குள்ள பொதுப் பள்ளிகளில், குறைந்தது மூன்று பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் அப்பிள்ளைகளின் சொந்தச் சமயத்தைப் பாடமாகக் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம். இஸ்லாமும் அவ்வாறே கற்பிக்கப்படுகிறது.

பின்லாந்தின் இரகசியம் கட்டடத்தில் இல்லை. ஒன்றாம் வகுப்பு ஆசிரியரும் முதுகலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று 1970-களின் இறுதியில் அங்கே விதி செய்தார்கள். நல்ல மாணவர்கள் போட்டியிட்டு ஆசிரியராகிறார்கள். நல்ல ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே நல்ல பள்ளி இருக்கிறது. அது மலைமேல்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பணமும் பயனும்

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்க வேண்டும் என்றது. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. 2025-ல் வேறோர் அமர்வு அத்தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்று அனுப்பியது. இதன் பொருள் என்ன? ஏர்க்காட்டுப் பள்ளிகளைப் போன்றவற்றில் சேரும்போது செலவு முழுவதும் நம் கையிலிருந்துதான் என்று எண்ணியே இறங்க வேண்டும்.

கட்டணம் என்பது பள்ளி அச்சிட்டுத் தரும் தொகை மட்டும் அன்று. சீருடை, போர்வை, கம்பளிச் சட்டை, காலணி, கைச்செலவு, விடுமுறைக்கு அழைத்து வந்து மீண்டும் கொண்டுவிடும் பயணம் அனைத்தையும் கூட்டுங்கள். ஆண்டுதோறும் கட்டணம் ஏறும் என்பதையும் சேர்த்து, ஏழு ஆண்டுக்குக் கணக்கிடுங்கள். வளைகுடா வேலை ஏழாண்டும் நிலைக்கும் என்று எவரால் உறுதி கூற முடியும்? எட்டாம் வகுப்பில் பணம் தட்டிப்போய்ப் பிள்ளையைத் திருப்பி அழைத்து வருவது, அனுப்பாமலே இருந்திருப்பதைவிடத் துன்பமானது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2020-ல் இயற்றிய சட்டம் தந்தது. தனியார் விடுதிப் பள்ளியில் படிப்பவன் அந்த வாய்ப்பை விட்டுவிடுகிறான். 2007-ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கிடைத்த 3.5 விழுக்காடு ஒதுக்கீடு எந்தப் பள்ளியில் படித்தாலும் உண்டு. மருத்துவக் கனவு காணும் வீடு இவ்விரண்டையும் சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.

மூத்தவளைப் பற்றி

சகோதரியே, இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன்.

ஏர்க்காட்டில் மான்போர்ட் பள்ளி தோன்றியது 1917-ல். பெண்களுக்கான திரு இருதயப் பள்ளி தோன்றியது 1894-ல். இடையில் 23 ஆண்டுகள். அந்த மலையில் பெண்பிள்ளைகளின் பள்ளி முதலில் வந்தது. கடல் கடந்து வந்த கன்னியர்க்கு அன்று தோன்றிய எண்ணம் இன்று நமக்குத் தோன்றாமல் போகலாமா?

மகளையும் மலைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. மகனுக்காக ஒதுக்கும் தொகை எவ்வளவோ, அதில் மகளுக்கு என்ன பங்கு என்று கேட்கிறேன். அவள் உள்ளூர்ப் பள்ளியில் எந்த வகுப்பு, எந்தப் பாடத்தில் ஆர்வம், பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவளுக்கு என்ன எண்ணம் என்று ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. உங்கள் மாவட்டத்திலேயே கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988 முதல் நடந்து வருகிறது. சென்னையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் முயற்சியால் பெண்களுக்கென்றே 1955-ல் ஒரு கல்லூரி எழுந்தது. நம் முன்னோர் நமக்காகக் கட்டி வைத்த வாசல்கள் இவை. மகனுக்கு ஏழு ஆண்டு மலைப்பள்ளி, மகளுக்குப் பத்தாம் வகுப்போடு சமையலறை என்று ஒரே வீட்டில் இரண்டு தராசு வைக்கலாகாது.

என் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர்க்காட்டுப் பள்ளிகள் நல்ல பள்ளிகள், நூற்றாண்டு கண்டவை, அவற்றில் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் உங்கள் மகனுக்கு அது ஏற்றதா என்பதை உங்கள் கணவரின் பணமும் தீர்மானிக்கக் கூடாது, உங்கள் அச்சமும் தீர்மானிக்கக் கூடாது. அவர் அடுத்த விடுமுறையில் ஊர் வரும்போது நால்வரும் ஒருநாள் ஏர்க்காடு சென்று வாருங்கள். கோடை விழாக் கூட்டத்தில் போகாதீர்கள்; பள்ளி நடக்கும் சாதாரண நாளொன்றில், முன்கூட்டி அனுமதி கேட்டுப் போங்கள். உணவுக்கூடத்தைப் பாருங்கள், படுக்கையறையைப் பாருங்கள், கழிவறையைப் பாருங்கள். மகனின் வயதுடைய பிள்ளை எவனாவது எதிர்ப்பட்டால், அவன் முகத்தைப் பாருங்கள். திரும்பும் வழியில், அந்த இருபது வளைவுகளும் இறங்கி முடிவதற்குள், மகனிடம் "உனக்கு விருப்பமா?" என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லத் தெரியும், கேட்பவர் இருந்தால்.

அவன் விரும்பினால், ஓதலும் தேறியிருந்தால், ஏழாண்டுச் செலவுக்கு வழியும் இருந்தால், மகளின் பங்கையும் எடுத்து வைத்த பிறகு, தயங்காமல் அனுப்புங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும், அருகில் உள்ள நல்ல ஆசிரியரைத் தேடுங்கள். அரசுப் பள்ளியிலும் அவர் இருப்பார். அவரை வீட்டுக்கு அழைத்து ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து, "என் பிள்ளையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு எந்தக் கட்டணமும் இல்லை.

எந்த முடிவை எடுத்தாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் மகளைக் கொண்டு அந்தக் கடிதத்தை எழுதச் சொன்னால் இன்னும் மகிழ்வேன். அவள் எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்க்க ஆசை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம். வஸ்ஸலாம்.